சிறிய நைலான் தந்தி கிட்டார் வாங்குவோர் கவனிக்க

முழு அளவுக் கிளாசிக்கல் (நைலான் தந்தி) கிட்டாரில் மீட்டும்போது அதிரும் பகுதியின் நீளமான தந்தி நீளம் பொதுவாக 650 மி.மீ.; சிறிய கைகளுக்கு 580 முதல் 630 மி.மீ. வரை உள்ளவை எளிதாக இருக்கும். ஆனால், விரல்களால் மீட்டுவோர் கழுத்தின் அகலத்தையும் குறைத்துவிடக் கூடாது. தந்திகள் நெருங்கிவிட்டால் விரல் பக்கத்துத் தந்தியில் பட்டு ஒலி மங்கிவிடும்.

மதுரைக் கடைகளில் பார்க்கும்போது, பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிக்கு) நேர்மேலே தந்தியை இலேசாகத் தொட்டு மீட்டி, பிறகு அங்கேயே அழுத்தி மீட்டிக் கேளுங்கள். இரண்டு சுருதியும் ஒன்றாக இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தக் கிட்டார் வேண்டாம்.

ஒலித்துளையின் விளிம்பில் மரத்தின் ரேகை உள்வரை தொடர்ந்தால் முகப்பு, அடுக்குகளாக ஒட்டப்படாத முழு மரப்பலகையாக இருக்கும். அதன் நாதம் அருமை, எனினும் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் விரிசல் காணும். தந்தி நீளம் குறைந்தால் தந்தி தளர்வாக இருக்கும் என்பதால் ‘ஹார்டு டென்ஷன்’ (அதிக இழுவிசை) நைலான் தந்தியே பொருத்தம்.