ட்ரைசூட் துணி: நம்ம கரையில் செய்யக்கூடாத தவறுகள்

கீழக்கரையில் வள்ளத்து அணியத்தில் உட்கார்ந்து ட்ரைசூட்டுக்குள், அதாவது தண்ணீர் உள்ளே புகாத முங்கு உடைக்குள், நுழைந்துகொண்டிருந்தேன். சங்கு குளித்தே வயதான ஒருவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன் தம்பி, கடலுக்குள்ள மழையா பெய்யுது? கோட்டு மாட்டிக்கிட்டு முங்கப் போறீக?”

பதில் சொல்லத் தோன்றவில்லை. உள்ளே அதற்குள் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

அந்தச் சூட் 7 மில்லிமீட்டர் நியோபிரீன், அதாவது நுரை ரப்பர். தடிமனாக இருந்தால் நல்லதென்று வாங்கியது. பலரும் சறுக்கும் இடம் இதுதான். நியோபிரீனில் குளிரைத் தடுப்பது அதற்குள் அடைபட்ட வாயுக் குமிழ்கள். 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பு, குமிழ் பாதி. 40 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். சூட் மெலிகிறது, கதகதப்பும் மிதப்பும் சேர்ந்தே போகின்றன. ஏறும்போது போன மிதப்பு திரும்பி வந்து, உடம்பில் கரைந்த வாயு வெளியேற அசையாமல் நிற்கவேண்டிய டீகம்ப்ரஷன் நிறுத்தத்தில் ஆளை மேலே தூக்கும். வெயிலில் வேகவைத்து, ஆழத்தில் கைவிடுகிற துணி! முன்கூட்டியே நசுக்கி அடர்த்தியாக்கிய நியோபிரீனில் இந்தத் தொல்லை குறைவு, கனம் கூடுதல்.

என் ஓட்டு மூன்றடுக்குத் துணியான ட்ரைலேமினேட்டுக்கு. நைலான், பாலியெஸ்டர், நடுவில் பியூட்டைல் ரப்பர். ஆழத்தில் சுருங்காது, சீக்கிரம் காயும், ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போடலாம். முழங்காலுக்குக் கெட்டித்துணி வைத்து வாங்குங்கள். கடலடிப் பாறை உரசினால் சும்மா விடாது. ஆனால் இதில் கதகதப்பு துளியும் கிடையாது, பெரியவர் சொன்ன மழைக்கோட்டேதான். காப்பது உள்ளுடுப்பு. குளிர்நாட்டுக்காரர் போடும் தடித்த உள்ளுடுப்பை அப்படியே வாங்கிவிடாதீர்கள். 2016 கோடையில் மன்னார் வளைகுடாப் பவளமே வெளுக்கிற அளவுக்குக் கடல் சூடேறியது. அதற்காகப் பனியன் போதுமென்றும் இறங்கவேண்டாம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஒன்றரை மணி நேரம் முங்கிக் கிடந்தால் நம் கடலிலும் பல் கிட்டும். மெல்லிய ஃப்ளீஸ் உள்ளுடுப்பு ஒன்று போதும். ஹீலியம் கலந்த சுவாச வாயுவான ட்ரைமிக்ஸில் முங்குகிறவர்கள் அந்த வாயுவையே சூட்டுக்குள் அடிக்கவேண்டாம். ஹீலியம் காற்றைவிட ஆறு மடங்கு வெப்பம் கடத்தும்.

பாக் விரிகுடாப் பக்கமா? பெரும்பாலும் 15 மீட்டருக்குள் தரை தட்டிவிடும். தண்ணீர் உள்ளே புகும் மெல்லிய வெட்சூட்டோடு போங்கள்.

துணியைப் பார்ப்பவர்கள், கழுத்து வழியே தண்ணீர் புகாமல் இறுக்கிப் பிடிக்கும் ‘சீல்’ பட்டையைப் பார்ப்பதில்லை. லேடெக்ஸ் ரப்பர் சீலுக்கு வெயிலும் எண்ணெயும் எமன். நானோ வலை காயும் கயிற்றில் உச்சிவெயிலில் சூட்டைத் தொங்கவிட்டவன். தேங்காய் எண்ணெய் தடவிய தலையை அதற்குள் நுழைத்தவன். அன்று பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சீல் பிசுபிசுவென்று விரலில் ஒட்டி, காதுவரை கிழிந்தது. முங்காமலே கரை திரும்பினோம். இப்போது சிலிக்கான் சீல். வெயில் அதை ஒன்றும் செய்யாது. நகம் பட்டால் கிழியும், அதனால் முதல்நாள் ராத்திரியே நகம் வெட்டிவிடுகிறேன்.