கட்டைப் பிரித்ததும் வந்த கழித்தல்

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்றே எழுதிக்கொண்டிருந்தாள். 2-இல் 7 போகாது என்று 7-இல் 2-ஐக் கழித்துவிடுவாள். "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். யார் வீட்டில், எதை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் ஏற்காட்டில் மிளகுக்குப் பஞ்சமில்லை; முதலில் அதை வைத்துப் பார்த்தேன். பாதி கட்டிலுக்கடியில் உருண்டது. ஒவ்வொன்றாக எண்ணிச் சரியாகத்தான் சொன்னாள், ஆனால் நோட்டில் மறுபடி 35. பத்து என்பது கண்ணுக்குத் தெரியவில்லை, அதுதான் கோளாறு.

அப்புறம் பழைய துடைப்பத்தை உருவி, ஈர்க்குச்சிகளை விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டேன். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "27 வேண்டும், முதலில் ஏழு உதிரி கொடு" என்றேன். கையிலிருந்த இரண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒரு கட்டைப் பிரிக்கட்டுமாம்மா?"

பிரித்தாள். கட்டு 4, உதிரி 12. ஏழு உதிரியும் இரண்டு கட்டும் கொடுத்தபின் மிச்சம் 25.

இப்போது தினமும் பகடை உருட்டி, விழுந்த அளவுக்குக் குச்சி கொடுக்கிறோம். முதலில் தீர்ப்பவருக்கு ஜெயம். நோட்டிலும் 5-ஐ அடித்து 4 போடுகிறாள். ரப்பர் பேண்ட்தான் நிற்பதில்லை, பொம்மைக்குச் சடை போடப் போய்விடுகிறது.