பராமரிப்பு மனு: பெரியவரோடு ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ் படியேறும் சமூகப் பணியாளருக்கு

பிள்ளைகள் சோறு போடவில்லை என்று ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்ததும் பேனாவை எடுத்துவிடாதீர்கள். கூட வந்தவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு அவரைத் தனியாகப் பேச விடுங்கள். மகள் பக்கத்தில் இருந்தால் மகளுடைய கோபம்தான் மனுவில் ஏறும். அவருக்கு வேண்டியது மாதப் பணமா, எழுதிக் கொடுத்த வீடா, அடி உதை நிற்பதா? அடி உதை என்றால் முதலில் காவல் நிலையம்; முதியோர் உதவி எண் 14567. மகன் முகம் கொடுத்துப் பேசினால் போதும் என்பவரை மனுவுக்குத் தள்ளினால் முதல் விசாரணையிலேயே வாபஸ் வாங்கிவிடுவார்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் கீழ் மனுவைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். பெரியவர் குடியிருக்கும் மாவட்டத்திலோ பிள்ளைகள் இருக்கும் மாவட்டத்திலோ கொடுக்கலாம். மூத்த குடிமகன் என்றால் 60 வயது. பெற்றோராக மனு போட வயது பார்ப்பதில்லை. நடமாட முடியாதவர் எழுதிக் கொடுத்தால் நீங்களோ உங்கள் அமைப்போ தாக்கல் செய்யலாம்.

யார் யார் மீது மனு என்று எழுதும்போது “பொண்ணு பேரைப் போடாதீங்க” என்பார்கள். போடாவிட்டாலும் மகன் தன் பதிலில் அவளைச் சேர்க்கச் சொல்லலாம், அதற்குச் சட்டம் இடம் தருகிறது. இதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். விசாரணை அறையில் தெரிந்தால் உடைந்துபோவார்.

மனு பலவீனப்படும் இடம் தொகைதான். சட்டத்தில் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அதையே கேட்கிறார்கள், கணக்கு கேட்டால் விழிக்கிறார்கள். ஒரு தாளில் வாடகை, அரிசி மளிகை, கேஸ், மாத்திரை, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ என்று வரிவரியாக எழுதுங்கள். மூன்று மாத மருந்துக்கடை ரசீதை அதோடு பின் செய்யுங்கள். முதியோர் உதவித்தொகை வந்தால் மறைக்காமல் கழித்துக் காட்டுங்கள். வழக்கு முடியும்வரை இடைக்காலத் தொகையும் வேண்டும் என்று மனுவிலேயே ஒரு பத்தி எழுதுங்கள். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

ஆதார், குடும்ப அட்டை, உறவைக் காட்டும் ஏதாவது ஒரு சான்று, பிள்ளைகளின் சரியான முகவரி எல்லாம் வேண்டும். பழைய முகவரிக்குப் போன நோட்டீஸ் திரும்பி வந்தால் மாதங்கள் ஓடிவிடும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்ற கெடுவே நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. கையெழுத்துப் போடாதவர் என்றால் ரேகைக்குப் பக்கத்தில் “இன்னாரின் இடது கைப் பெருவிரல் ரேகை” என்று எழுதி, படித்துக் காட்டியவர் கையெழுத்திட வேண்டும். கடைசியில் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் படியிறங்காதீர்கள்.

வீட்டை எழுதிக் கொடுத்திருந்தால் பத்திரத்தின் நகலை எடுத்து முழுக்க வாசியுங்கள். வீட்டைத் திரும்பக் கேட்க இந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உதவுவது சட்டம் வந்த பிறகு எழுதிய, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கூடிய பத்திரத்துக்கு. அந்த வரி எங்கே இருக்கிறதோ அதை அடிக்கோடிடுங்கள். வரி இல்லையென்றால் வழக்கு கடினம். வீடு கட்டாயம் திரும்பக் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

17-ஆம் பிரிவு வக்கீலுக்கு இடம் தரவில்லை. பெரியவர் விரும்பினால் பராமரிப்பு அலுவலர், அதாவது மாவட்ட சமூக நல அலுவலர், அவர் சார்பில் பேசலாம். நீங்கள் செய்ய வேண்டியது சின்ன விஷயம்: காது கேட்கும் பக்கமாக உட்கார வையுங்கள், கேள்வியைத் திருப்பிச் சொல்லுங்கள், பதிலை மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள். சமரசம் பேசினால் “பார்த்துக்கறேன்” என்ற சொல்லை ஏற்காதீர்கள். எவ்வளவு, எந்தத் தேதி, எந்தக் கணக்கு என்று எழுத்தில் வரட்டும். அந்தக் கணக்கு பெரியவர் பெயரில் மட்டும் இருக்க வேண்டும். ஏடிஎம் அட்டை மகனிடம் இருந்தால் பணம் வந்தும் வராத கதைதான்.

உத்தரவில் திருப்தி இல்லையென்றால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பணம் நின்றால், கெடு தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். விட்டால் அந்த மாதத்துப் பணத்தை வசூலிக்க வாரண்ட் கிடைக்காது. ஆகவே மாதம் ஒருமுறை பாஸ்புக்கில் வரவு போடச் சொல்லி, அதைக் கண்ணால் பாருங்கள்.