பழைய காரில் துருப்பிடித்த பிரேக் பைப்பை மாற்றுவது எப்படி?

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கை அழுத்தி மிதித்தால், பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பைப்புக்குள் 70, 80 பார் அழுத்தம் ஏறும். லாரி டயரில் இருப்பதே எட்டு பார் அளவுதான். அவ்வளவையும் தாங்குவது முக்கால் மில்லிமீட்டர்கூட கனமில்லாத இரும்புச் சுவர். மாருதி 800 மாதிரி பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பிரேக் பேடைப் பார்க்கிறார்கள், டிரம்மைப் பார்க்கிறார்கள். இந்தப் பைப்பைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. சேலத்திலிருந்து மலையேறுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. பைப்பைப் பாடியோடு பிடித்திருக்கும் கிளிப்புகளைக் கழற்றுங்கள். மண்ணும் ஈரமும் அதற்குள் காயாமல் கிடப்பதால் துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். வயர் பிரஷால் தேய்த்தால் தூள் உதிர்ந்து வழவழப்பான இரும்பு தெரிகிறதா? அது மேல்துரு. குழி குழியாக இருந்தாலோ, துரு எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். கெட்ட இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப் போடலாம், கேஸ் வெல்டிங் வைக்கலாம் என்பார்கள். கேட்காதீர்கள். ஒரு இணைப்பிலிருந்து அடுத்த இணைப்பு வரை முழு பைப்பையும் மாற்றுங்கள்.

மாருதி 800-க்கு 4.75 மில்லிமீட்டர் பைப், 10 மில்லிமீட்டர் மரை நட்டு. அம்பாசடரில் அங்குல மரை வரும். எதற்கும் பழைய நட்டைக் கையில் எடுத்துப் போய் ஒப்பிட்டு வாங்குங்கள். குப்ரோ நிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்த) பைப் கிடைத்தால் அதுவே நல்லது. துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். ஏசிக்குப் போடும் சாதா காப்பர் பைப் வேண்டவே வேண்டாம். அதிர்வில் இறுகி வெடித்துவிடும்.

முந்தின இரவே நட்டுகளில் துரு இளக்கும் ஆயில் அடித்து வையுங்கள். கழற்றுவதற்கு, நட்டைச் சுற்றிலும் பிடிக்கும் பிரேக் பைப் ஸ்பானர்தான் வேண்டும். சாதா ஸ்பானர் நட்டின் முனையை மழுக்கிவிடும். நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுகினால் நிறுத்துங்கள். பைப்பை நட்டை ஒட்டி வெட்டிவிட்டு, ஆறுமுனை சாக்கெட் போட்டுத் திருப்பினால் வந்துவிடும். பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

வேலையின் உயிர் டபுள் ஃபிளேரில், அதாவது பைப்பின் வாயை விரித்து இரட்டையாக மடிப்பதில் இருக்கிறது. பைப் கட்டரால் நேராக வெட்டி, உள்பிசிறைச் சுரண்டி, தூளை ஊதி எடுங்கள். ஃபிளேர் அடிக்கும் முன்பே நட்டை உள்ளே கோத்துவிட வேண்டும். பைப்பை ஃபிளேர் கருவியின் துளையுள்ள கட்டையில் இறுக்கி, அடாப்டர் என்ற சிறு வட்டத் துண்டின் தோள் உயரத்துக்கு வெளியே நீட்டுங்கள். அடாப்டரை வைத்து, அதன் தோள் கட்டையைத் தொடும் வரை அழுத்துங்கள். அதை எடுத்தால் பைப்பின் வாய் உப்பியிருக்கும். இப்போது கருவியின் கூம்பை நேரடியாக இறக்கினால் விளிம்பு உள்ளே மடிந்து இரட்டைச் சுவராகும். நகத்தால் வருடிப் பாருங்கள்: ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ கீறல் தட்டினாலோ வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி அடியுங்கள். மிச்சத் துண்டுகளில் கை பழகிய பிறகே அசல் பைப்பில் அடிப்பது நல்லது.

பழைய பைப்பைப் பக்கத்தில் வைத்து அதே வளைவுகளைக் கொண்டு வாருங்கள். நட்டைக் கையால் சில சுற்று ஏற்றிய பிறகுதான் ஸ்பானர். கிளிப்புகளை ஒன்று விடாமல் மாட்டுங்கள்.

அடுத்து ஏர் எடுப்பது, அதாவது பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் போட்டிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 தரத்து ஆயிலை, சீல் பிரிக்காத டின்னாக வாங்குங்கள். ஈரம் உறிஞ்சிய ஆயில் மலை இறக்கச் சூட்டில் கொதித்து, பெடல் வெறுமனே உள்ளே போகும். வண்டிக் கையேடு வேறு வரிசை சொல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பகுதி) தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். கூட ஒருவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, நீங்கள் சக்கரத்தில் உள்ள காற்று வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகே அவர் காலை எடுக்கலாம். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள்; கடைசி வரை அமுங்கினால் பழைய மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கிழியக்கூடும். குமிழி நிற்கும் வரை இதே வேலை. நடுவில் டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு இணைப்பிலும் காகிதத்தை ஒற்றி, ஆயில் கசிகிறதா என்று பாருங்கள். முதல் முறை செய்கிறவர் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிட்டே சாலையில் இறக்குங்கள். முதலில் ஆளில்லாத சமதளச் சாலை போதும். மறுநாள் காலை டப்பாவில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். இறங்கியிருந்தால் கசிவைக் கண்டுபிடிக்கும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.