இலையில்லாச் செடியைத் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மாடித்தோட்டத்தில் கைராசிக்காரர். போன மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போனவர், இலையே இல்லாத வெளிறிய செடி ஒன்றை மண்ணோடு பெயர்த்து டப்பாவில் கொண்டுவந்தார். மண்புழு உரம், தேங்காய்நார், இளவெயில் எல்லாம் கொடுத்தார். சில நாளில் அது வாடிச் சரிந்தது. அவர் கலங்கிப்போனார், எனக்கும் மனசு கேட்கவில்லை.

உரத்தில் குறையில்லை. இந்தச் செடிகளில் பச்சையம் கிடையாது, வெயிலால் பயனில்லை. மண்ணில் பரவிய பூஞ்சை இழைகள் வேருக்குள் வர, அவற்றிடமிருந்துதான் உணவை எடுத்துக்கொள்கின்றன. பெயர்த்தெடுத்தபோதே அந்த இழைகள் அறுந்துவிட்டன.

அடுத்த தவறு, இந்தச் செடிகளை 'மட்குண்ணி', அதாவது மட்கியதைத் தின்று வாழ்பவை, என்று சொல்வது. பள்ளியில் நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் மட்கிய இலையைச் செடி தானே செரிப்பதில்லை, பூஞ்சைதான் செரிக்கிறது. எல்லாப் பூஞ்சையும் மட்கைத் தின்பதும் இல்லை. 1960இல் ஸ்வீடன் ஆய்வாளர் எரிக் பியோர்க்மான், மரங்களுக்குள் கதிரியக்கக் கார்பன் உள்ள சர்க்கரையைச் செலுத்தினார். அந்தக் கார்பன் அருகில் நின்ற, பச்சையமில்லாத மோனோட்ரோபா செடியில் தென்பட்டது. மரம் வெயிலில் சமைத்தது, வேர்ப்பூஞ்சை வழியாகச் செடிக்குப் போயிருக்கிறது! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. நம் மலைகளில் உள்ள எபிபோகியம் ரோசியம் என்ற ஆர்க்கிட்டின் கதை வேறு: அதற்குச் சோறு போடுவது இலைச்சருகையும் மரத்தையும் மட்கச் செய்யும் பூஞ்சை.

பச்சை இல்லாததெல்லாம் இந்த வகை என்றும் எண்ணாதீர்கள். புல்லிடையே பூக்கும் ஏஜினீஷியாவும், காட்டுத்தரையில் காளான்போல முளைக்கும் பாலனோஃபோராவும் பிற செடிகளின் வேரை நேரடியாக உறிஞ்சும் ஒட்டுண்ணிகள்.

பச்சை இலையுள்ள ஆர்க்கிட்டுகளும் முளைக்கும்போது பூஞ்சையை நம்பித்தான் இருக்கின்றன. தூசிபோன்ற விதையில் சேமித்த உணவு மிகக் குறைவு. 1899இல் பிரான்சின் தாவரவியலாளர் நோயல் பெர்னார் இதைக் கண்டறிந்தார். விதையை வெறும் தொட்டி மண்ணில் தூவிக் காத்திருப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். ஆய்வகங்களில் பூஞ்சைக்குப் பதிலாகச் சர்க்கரை கலந்த ஊடகத்தில் முளைக்கவைக்கிறார்கள்.

காட்டில் கண்டால் பாதையிலேயே நின்று படமெடுங்கள். நல்ல படத்துக்காகச் சருகை விலக்காதீர்கள், சுற்றி மிதிக்காதீர்கள், இழைகள் அதற்குள்தான் ஓடுகின்றன. படத்தைப் பகிரும்போது சரியான இடத்தைக் குறிக்காமல் மலைத்தொடரின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.