எம்டன் வந்த இரவில் ஒரு திருட்டு

சரித்திரக் கதையில் மர்மம் கலக்க எனக்கு மிகவும் பிடித்த களம் 1914 செப்டம்பர் 22, சென்னை. அன்றிரவு ஜெர்மன் கப்பல் எம்டன் குண்டு போட்டதில் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. வாசகருக்கு இது தெரியும். அதனால் 'கப்பல் வருமா?' என்று பதற வைக்கப் பார்க்காதீர்கள்.

இரவு ஒன்பது மணிக்கு, கிடங்குப் பூட்டை உடைக்கும் ஒரு குமாஸ்தாவைக் கொண்டுவாருங்கள். அவன் மாட்டுவானா? சஸ்பென்ஸ் அங்கேதான். அவன் நிமிர்ந்தால் உயர்நீதிமன்றக் கோபுரத்தின் மேல் கலங்கரை விளக்கம் தெரியட்டும். அப்போது அது அங்கேதான் இருந்தது. இப்படி ஒரு விவரம் போதும், பத்து வேண்டாம்.

அப்புறம், தேதியிலும் சேதத்திலும் கை வைக்காதீர்கள். திருட்டு உங்களுடையது, தாராளமாக விளையாடுங்கள். குண்டுக்குப் பயந்து ஜனங்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்களே, அந்தக் கூட்டத்துக்குள் ஒரு போலீஸ்காரரை அனுப்பி அவனைத் தேட வையுங்கள்.