படம் பாக்காம பாட்டு மட்டும் கேளுங்க

2005-ல வந்த 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' படத்தோட இசைய ஒரு தடவ படமே இல்லாம கேட்டுப் பாருங்க, டாரியோ மரியனெல்லி போட்டது, பியானோ ஜான் ஈவ் திபோடே. ஹெட்போன் மாட்டிட்டு, ஷஃபிள் ஆஃப் பண்ணிட்டு மொத ட்ராக் 'டான்'லேர்ந்து வரிசையா போங்க.

'எ போஸ்ட்கார்ட் டு ஹென்றி பர்செல்' வந்ததும் நிறுத்திட்டு, பர்செல்ங்கற பழைய இங்கிலாந்து இசையமைப்பாளர் 1695-ல 'அப்டெலேசர்' நாடகத்துக்கு எழுதின ரோண்டோவ (மொத மெட்டு திரும்பத் திரும்ப வர்ற இசை) தேடிக் கேளுங்க, அதே மெட்டுதான், படத்துல நாயகி எலிசபெத்தும் நாயகன் டார்சியும் ஆடுறப்ப வருமே அது. அங்க கம்பீரமா வர்றது இங்க ஒத்த வயலின்ல தயங்கித் தயங்கி ஆரம்பிக்கும், அப்புறம்தான் மத்த தந்திக் கருவிங்க சேரும். மூலத்த கேட்டுட்டு திரும்ப வந்தீங்கன்னா இது வேற பாட்டாவே கேக்கும், எனக்கு அப்பதான் புல்லரிச்சுது. பியானோ ட்ராக்குக்கு வால்யூம் கொஞ்சம் கம்மியா வைங்க.